அறியாமை எனும் அரண்

மாரி செல்வராஜ் 2018-இல் தந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கொடியவரைக் கண்டு கொதித்தோம். ஜோதி மகாலட்சுமியைக் கண்டு நெகிழ்ந்தோம். நாம் ஆராய வேண்டியவள் அவளன்றோ? அக்காள் திருமணத்திற்குப் பரியனை அன்போடு அழைத்தவள் அவள். அங்கே அவளுடைய உறவினர் அவனை அடித்து, அவன்மீது சிறுநீர் கழித்தனர். கடைசிவரை அவள் அதை அறியவில்லை. அறியாமலே வாழும் வசதியைத் தந்தது எது? பிறப்பு! இதை உணர்த்தியதே படத்தின் சிறப்பு.

தோழர்களே, அவ்வசதி நம்மிடமும் இல்லையா? இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ வாடகைக்கு வீடு தேடி வருபவரிடம் “ஊரில் எந்தத் தெரு?” என்கிறோமே, நாம் தேடுவது முகவரியையா, சாதியையா? கேட்பவர்க்கு அது வெறும் பேச்சு; கேட்கப்படுபவர்க்கோ மூடப்படும் கதவு. இறுதிக் காட்சியில் இரண்டு தேநீர்க் குவளைகளைக் காட்டி முடித்தார் இயக்குநர். வேலைக்கு வருவோர்க்கென நம் வீட்டில் தனிக் குவளை உண்டா என்று பார்ப்பது நம் பொறுப்பு.