ஆலைச் சாலையில் நந்தவனம்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் புறப்பட்டால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பே பூவிருந்தவல்லி வந்துவிடும். திருக்கச்சி நம்பிகளின் ஊர். இங்கே நந்தவனம் வைத்து, தொடுத்த மாலையைச் சுமந்துபோய்க் காஞ்சி வரதருக்குச் சமர்ப்பித்தார் என்கிறது வைணவ மரபு. அவரைப் பெரிதும் போற்றிய இராமாநுசர் 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார். கிழக்கே குன்றத்தூர், சேக்கிழாரின் ஊர். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று கார் ஆலைகளால் அறியப்படும் இந்த வட்டாரத்துக்குப் பூத்தொண்டின் வைணவ, சைவ மரபுகள் இரண்டிலும் உரிமை உண்டு.

வைணவ மரபுக்குப் பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் முன்னோடிகள். ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மற்றவர் திருவரங்கத்திலும் நந்தவனம் வளர்த்தார்கள். திருமலையில் பூத்தொண்டு செய்ய யார் போவீர் என்று இராமாநுசர் கேட்டபோது முன்வந்தவர் அனந்தாழ்வான். நந்தவனத்துக்குக் குளம் வெட்டியபோது, மண் சுமந்து உதவ வந்த சிறுவன்மீது அவர் வீசியதாகச் சொல்லப்படும் கடப்பாரையைக் கோயில் முகப்பில் இன்றும் காணலாம். அங்கே மலையில் பூத்ததெல்லாம் மலையப்பனுக்கே. பெண்கள்கூடத் தலையில் சூடுவதில்லை. பெருமாளுக்கான பூவை முகர்ந்து பார்ப்பதும் கூடாது. இந்த விதிக்கு விலக்கு ஆண்டாள் ஒருத்திதான்.

சைவம் வகைப்படுத்துவதில் நுட்பம் காட்டியது. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் பறித்துத் திருப்புகலூரில் தொண்டு செய்த முருக நாயனாரைச் சேக்கிழார் பாடினார். கமலை ஞானப்பிரகாசரின் ‘புட்பவிதி’ இதற்கென்றே எழுந்த நூல். சிவனுக்குத் தாழம்பூ ஆகாது. வில்வத்தைக் கழுவி மீண்டும் சாத்தலாம்.

உதிர்ந்த பூ பூசைக்கு ஆகாது என்பது பொது விதி. மகிழம்பூவுக்கும் பவழமல்லிக்கும் அது பொருந்தாது. உதிர்வதே அவற்றின் இயல்பு. விடியலில் மகிழ மரத்தடியைப் பாருங்கள். சந்தன நிறத்தில் சின்னச் சக்கரங்கள் போலக் கிடக்கும். நடுவில் இயற்கையே துளையிட்டிருப்பதால் ஊசி வேண்டாம், வாழைநாரில் அப்படியே கோக்கலாம். காய்ந்த பிறகும் மணம் போகாது.

தோட்டத்தைப் போற்றும் முறை எங்கும் ஒன்றல்ல. சீனத்தின் சூசோ நகரில், ஓவியர் வென் செங்மிங் 16ஆம் நூற்றாண்டில் நட்டதாகச் சொல்லப்படும் விஸ்டீரியா கொடி இன்றும் பூக்கிறது. நட்ட கையின் நினைவாக அந்த ஒரு கொடியைக் காப்பது அவர்கள் மரபு. நம் நந்தவனத்தில் செடி மாறலாம். தினப்படி மாலை நிற்கக் கூடாது. பார்க்க வருபவருக்காக நந்தவனம் வைக்கப்பட்டதே இல்லை. ஆலை முகப்புகளின் புல்வெளியும் காகிதப்பூவும் கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் கோயில் வளாகத்துக்குள்ளும் அதே பாணி நுழைவதை ஏற்க முடியவில்லை. கோயம்பேட்டிலிருந்து வரும் மூட்டைப் பூவில் பறித்த நேரமும் தெரியாது, பறித்த முறையும் தெரியாது. அந்தந்தக் கோயில் மண்ணில் பூத்தது அன்றைக்கே சாத்துப்படிக்குப் போவதுதான் நந்தவனத்துக்கு அளவுகோல்.

புதிதாகத் தொடங்குவோர் நந்தியாவட்டை, பவழமல்லி, துளசி, வில்வம் ஆகியவற்றோடு தொடங்கலாம். பவழமல்லி சில ஆண்டுகளிலேயே பூத்துவிடும். மகிழம் நிதானமாக வளரும் மரம். அதை முதல் நாளே நட்டுவிட வேண்டும்.