லிங்க் எடுத்த ராத்திரிப் படங்கள்

புகை போய்விட்டது, ஆனாலும் புகைவண்டி என்ற பெயரை நாம் இன்னும் விடவில்லை. போனதன் மேல் மனிதனுக்கு உள்ள பிடிப்பு அப்படிப்பட்டது. அந்தப் பிடிப்பிலிருந்து கலை பிறக்குமா, அல்லது வெறும் ஏக்கம்தான் பிறக்குமா என்பது பழைய கேள்வி. இடிந்துபோன ஜமீன் வீட்டையோ, ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போன அக்கிரகாரத்தையோ பற்றி நாவல் எழுத உட்காருகிற எவரும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் வின்ஸ்டன் லிங்கின் படங்களைப் புரட்டும்போது அதே கேள்வி எனக்கு வேறு ரூபத்தில் எதிர்ப்பட்டது.

லிங்க் (1914–2001) நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் பிறந்தவர். சிவில் எஞ்சினீயரிங் படித்துவிட்டு, விளம்பரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் படம் எடுத்துப் பிழைத்தவர். 1955 ஜனவரியில் தொழில் நிமித்தம் வர்ஜீனியா மாகாணத்துக்குப் போனபோது, வேய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு ராத்திரி நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியின் ரயிலைப் படம் எடுத்தார். மற்ற பெரிய அமெரிக்க ரயில் கம்பெனிகள் டீஸலுக்குத் தாவிவிட்ட சமயம் அது. இந்தக் கம்பெனிக்குக் கரிச் சுரங்கப் பிரதேசத்தில் ஓட்டம். கரி ஏற்றிப் போவதில்தான் வருமானம். ரோனோக் நகரத்தில் இருந்த சொந்தப் பட்டறையிலேயே எஞ்சின் செய்து வந்தது. ஆகவே நீராவியைக் கடைசியாக விட்டது அதுதான். அதுவும் அந்த 1955-லேயே டீஸலுக்கு ஆர்டர் கொடுத்தது. 1960-ல் எல்லாம் முடிந்துவிட்டது. இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் கம்பெனியின் அனுமதியோடு, ஆனால் தம் கைப்பணத்தைச் செலவழித்து, லிங்க் சுமார் 2,400 படங்கள் எடுத்தார்.

அவற்றில் பேர் பெற்றவை ராத்திரியில் எடுத்தவை. சூரியன் நாம் சொன்னபடி நிற்காது, தண்டவாளமும் நகராது. வெளிச்சத்தையாவது நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. டஜன் கணக்கில் பிளாஷ் பல்புகளைப் பொருத்தி, நீள நீளமாகக் கம்பி இழுத்து, எல்லாம் ஒரே கணத்தில் எரிந்து அணையும்படி செய்வார். ரயில் ஒரு தடவைதான் வரும். எங்கேயாவது ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் அன்றைய பாடு வீண்.

இது ஜோடனை, நாடகம் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். 1956 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவில் யேகர் என்ற இடத்தில் எடுத்த படத்தைப் பாருங்கள். காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கிற திறந்தவெளிக் கொட்டகை. முன்னால் ஒரு காரில் இளம் ஜோடி. திரையில் ஆகாயவிமானம். பின்னால் வெண்புகை கக்கிக்கொண்டு சரக்கு ரயில் போகிறது. இதற்கு 43 பல்புகள் தேவைப்பட்டன. கார் லிங்கினுடையது, ஜோடியை அதில் உட்கார வைத்தவரும் அவரே. பிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப் போய்விடவே, விமானத்தை வேறொரு நெகடிவிலிருந்து இருட்டறையில் சேர்த்தார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தப் படம் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தனை பேரும் சினிமாவில் கண்ணாக இருக்கிறார்கள். ரயிலைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு ரயில் ஒரு விசேஷமா? அவன் பாட்டுக்குச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், சினிமா பார்க்கிறான். லூரே என்ற ஊரில் எடுத்த இன்னொரு படத்தில் பாலத்தின் மேல் ரயில் போகிறது. கீழே ஓடையில் பிள்ளைகள் குளிக்கிறார்கள். ஒரு காலம் எப்படிப் போகிறது என்பது இந்த அலட்சியத்தில் தெரிகிறது. இதைச் சொல்ல லிங்க் ஆட்களை நிறுத்தி வைத்தார். நாவலாசிரியனும் அதைத்தானே செய்கிறான்?

இங்கிலாந்தில் எரிக் ட்ரீஸி என்று ஒரு பாதிரியார். பின்னால் வேக்ஃபீல்டு பிஷப்பாக இருந்தவர். அங்கே 1968 ஆகஸ்டில் நீராவி ரயில் ஓய்ந்தது. அதற்கு முன் பல வருஷ காலம் அவர் ரயில்களைப் படம் எடுத்தார். 1978-ல் ஆப்பிள்பி ரயில் நிலையத்திலேயே உயிர் விட்டார். அவர் படங்களில் பெரும்பாலும் எஞ்சின்தான் கதாநாயகன். கம்பீரமாக, நம்மை நோக்கி ஓடி வருகிறது. ஒன்றிலும் ஜோடனை கிடையாது. ஆனால் பத்துப் படம் பார்த்தபின், எஞ்சினைச் சுற்றி ஒரு ஜனசமூகம் வாழ்ந்தது என்ற நினைப்பு எனக்கு மறந்துபோகிறது. லிங்கிடம் அது மறப்பதில்லை.

லிங்கிடம் எனக்குள்ள குறை வேறு. இருட்டு அவருக்கு மிகவும் சௌகரியமாகப் போய்விட்டது. தாம் விளக்கு வைத்த இடம் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். அந்த வருஷங்களில் வர்ஜீனியாவில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கிற சட்டங்கள் அமலில் இருந்தன. இந்தப் படங்களின் அமைதியைப் பார்த்து யாராவது அதை ஊகிக்க முடியுமா? கொதிகலன் வேலை ஒன்றையே தெரிந்து வைத்திருந்த பட்டறைத் தொழிலாளிக்கு டீஸல் வந்தபின் பிழைப்பு என்ன ஆகும் என்ற கவலையும் இவற்றில் எனக்குத் தென்படவில்லை. ஊர் அழகாக இருக்கிறது, எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், எஞ்சின் பளபளக்கிறது.

நம் விமரிசகர்கள் இந்த இரண்டு குற்றங்களையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நடக்காததை நுழைத்தான் என்று எழுத்தாளன் மேல் பாய்கிறார்கள்; நடந்ததை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்க மறந்துபோகிறார்கள். அக்கிரகாரத்தின் ஊஞ்சலையும் வெற்றிலைச் செல்லத்தையும் தத்ரூபமாக வர்ணித்துவிட்டு, கொல்லைப்புற வாசல் வழியாக வந்து போனவர்களைப் பற்றி ஒரு வரி எழுதாத கதையை 'அப்படியே இருக்கிறது' என்று மெச்சுகிறோம். இருட்டறையில் சேர்த்த விமானத்தால் லிங்கின் உண்மை குறைந்துவிடவில்லை. விளக்கு வைக்காமல் விட்ட இடங்களால்தான் குறைகிறது.

அதற்காக அவரை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். 1987-ல் 'ஸ்டீம், ஸ்டீல் அண்ட் ஸ்டார்ஸ்' என்ற பெயரில் இந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. ரோனோக்கின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் 2004-ல் அவருக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் மனித முகங்களைப் பாருங்கள், பிறகு எஞ்சினைப் பாருங்கள். கடைசியாக, வெளிச்சம் படாத மூலைகளில் யார் நின்றிருக்கக் கூடும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.