ஜடாமுனிக்குப் படையல்

ஆத்தங்குடிக்கு வந்திருந்த கவிதை எழுதும் நண்பர் ஒருவர், வங்கியில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, “இந்த நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி வந்தால்தான் சரிப்படும்” என்றார். நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவருக்கான பதிலாகவே இதை எழுதுகிறேன்.

முஸோலினியைப் பற்றிப் புதுமைப்பித்தன் எழுதிய நூலின் பெயர் ‘பாஸிஸ்ட் ஜடாமுனி’. ஹிட்லரைப் பற்றியது ‘கப்சிப் தர்பார்’. பின்னது கேலியோடு நின்றுவிடுகிற பெயர். முன்னது அப்படியல்ல. நான் இங்கு பேசுவது அந்தத் தலைப்பைப் பற்றி மட்டுமே.

ஜடாமுனி நம் ஊர் மரங்களில் குடியிருப்பவர். உச்சிவேளையில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பார்கள். இத்தாலியச் சர்வாதிகாரியை இந்த மரத்தில் ஏற்றியதில் எனக்கு ஓர் ஆட்சேபம் இருந்தது. முனி அடித்துவிட்டது என்றால், அடிபட்டவனுக்கு அதில் பொறுப்பில்லை. அந்த வழியே போனதுதான் அவன் குற்றம். இத்தாலியில் நடந்தது அதுவா?

1919 மார்ச்சில் மிலானில் இயக்கம் தொடங்கிற்று. அவ்வருஷ நவம்பர் தேர்தலில் அந்நகரில் அதற்குக் கிடைத்த வாக்குகள் 5000-க்கும் குறைவு. 1921-இல் 35 இடங்கள். காரணம், பிரதமர் ஜியோலிட்டி அவர்களைத் தம் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கூலி விவசாயிகளின் சங்கங்களை உடைக்க, போ சமவெளி நிலச்சுவான்தார்கள் கருஞ்சட்டையினருக்குப் பணம் தந்தார்கள். 1922 அக்டோபரில் ராணுவச் சட்டத்தில் கையெழுத்திட மன்னர் மறுத்தார். முஸோலினி ரயிலேறி ரோமுக்கு வந்து பிரதமரானார். 1924-இல் மத்தேயோத்தி கொலையுண்டபோதும் மன்னர் அசையவில்லை. அரசுக்கு வெளியே தனிமனிதனுக்கு மதிப்பில்லை என்ற சித்தாந்தம் கலைக்களஞ்சியக் கட்டுரையாக வந்தது 1932-இல்தான். முதற்பகுதியை எழுதியவர் தத்துவப் பேராசிரியர் ஜெந்திலே, பெயர் முஸோலினியுடையது.

ஆக, முனி தானாக வந்துவிடவில்லை. மரத்தடியில் கல் நட்டவர்கள், படையல் வைத்தவர்கள் இருந்தார்கள். ஜடாமுனி என்ற சொல்லில் அவர்களும் அடக்கம் என்பது எனக்குப் பிறகுதான் பட்டது. என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

படைத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. எதிர்காலவாதி மாரினெட்டி 1919 தேர்தலில் முஸோலினியின் பட்டியலில் நின்றார். எஸ்ரா பவுண்ட் 1941 முதல் ரோம் வானொலியில் பேசினார். படிமம் பற்றிப் பேசும்போதெல்லாம் பவுண்டின் பெயரைச் சொல்கிற நாம், அந்த வானொலிப் பேச்சுகளை மட்டும் ‘அது வேறு விஷயம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். வேறு விஷயம் அல்ல. வடிவத்தில் ஒழுங்கை நாடும் மனம், மனிதர்களையும் அடித்துத் திருத்த வேண்டிய பிரதியாகக் காணத் தொடங்குவது எளிது. 1926-இல் முஸோலினியின் விருந்தாளியாகப் போன தாகூர், அவ்வருஷமே பகிரங்கமாகத் தம் கண்டனத்தை எழுதினார். பவுண்ட் அப்படித் திரும்பவில்லை.

புதுமைப்பித்தனுக்கும் கூட்டத்தின் மேல் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அவநம்பிக்கை, கூட்டத்தை மேய்க்க வருபவன் மீதும் அவருக்கு இருந்தது. நண்பரிடம் இல்லாதது இந்த இரண்டாவது அவநம்பிக்கை. வரிசை அன்று பத்து நிமிஷத்தில் நகர்ந்துவிட்டது. அவர் சொன்ன வாக்கியம்தான் எனக்கு இன்னும் நகரவில்லை.