சுவருக்கு உட்புறம்

"பொம்பளப் புள்ளைகளுக்குன்னு தனி ஸ்கூல், இனிமே பயமில்ல." என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று அப்பா அம்மாவிடம் சொன்னது. பெண்கள் பள்ளி குறித்த நம் சொல்லாடல் முழுவதும் இந்தப் 'பயமில்ல'வுக்குள் அடங்கிவிடுகிறது. யாருக்குப் பயம், எதைக் குறித்து? சாதியை மீறிவிடக்கூடிய பெண்ணுடலைக் குறித்துத்தான். ஆகவே அது பிற்போக்கு என்று முற்போக்கு நண்பர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சுவர் கட்டியவரின் நோக்கமும் உள்ளே நடப்பதும் ஒன்றல்ல. பௌதிக லேபில் மின்சுற்றை நாங்கள்தான் இணைத்தோம். வேறு ஆள் இல்லை. பெஞ்சு தூக்கியது, மைக் பிடித்தது, கபடியில் முட்டி பெயர்ந்தது எல்லாம் நாங்களே. பின்னால் இருபாலர் கல்லூரிக்குப் போனதும் அதே நான் நோட்டில் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். கருவி பையன்கள் கையில். யாரும் பிடுங்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். (இதை ஒப்புக்கொள்ள இருபது வருஷம் ஆச்சு.)

சேர்த்து உட்கார வைப்பதே சமத்துவம் ஆகிவிடாது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு படித்த முத்துலட்சுமி ரெட்டி திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார். எங்கள் கல்லூரியில் துணி இல்லை, அவ்வளவுதான்.

தேர்ச்சி விகிதத்தைக் காட்டி வாதாடுகிறவர்களோடும் நான் இல்லை. பெண்கள் பள்ளிக்கு யார் வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள் என்று கேட்காத புள்ளிவிவரம் எதற்கு? 2014இல் 184 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கறாராகச் செய்யப்பட்டவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சோல் நகரத்தை ஒதுக்கிவிட முடியாது. அங்கே 1974இல் தொடங்கிய கொள்கைப்படி மாணவர்கள் குலுக்கல் முறையில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டார்கள். பெற்றோர் தேர்வு செய்ததல்ல. 2013இல் வெளிவந்த ஆய்வின்படி, தனிப்பள்ளிகளில் படித்தவர்களுக்கு மதிப்பெண்ணும் கல்லூரிச் சேர்க்கையும் கூடுதல். பையன்களுக்கும்தான்!

அதற்காக என் பள்ளியைப் புனிதப்படுத்த வரவில்லை. பாவாடை நீளத்தை அளக்க வாசலில் ஸ்கேலோடு ஒரு டீச்சர் நிற்பார். அப்பாவின் பயம் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. பள்ளியைத் திட்டுகிறவர்கள் இந்த ஸ்கேலைத் திட்டட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் 2003ஐயும் சேர்த்தே பேச வேண்டும். 1914இல் சென்னையில் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட ராணி மேரி கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தது. 'பாதுகாப்பா இருக்கட்டும்' என்று வீட்டார் அனுப்பிவைத்த அதே பெண்கள் வளாகத்தை விட்டு நகர மறுத்து உட்கார்ந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.