நன்னூலின் நிறைகோலும் நம் கைத்தொலைபேசியும்

ஆசிரியரின் இலக்கணங் கூறப்புகுந்த பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்திலே அவரை நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கிற்கும் ஒப்பிட்டார். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வாயிலாக இப்பகுதியைக் கற்றோர் நம்மிற் பலர். ஐயந்தீரப் பொருளின் அளவை உணர்த்தலும், ஒருபாற் கோடாது நடுநிற்றலும் நிறைகோலின் பண்புகளாம். இணையவழிக் கற்பித்தலில் இப்பண்புகள் எவ்வாறு பேணப்படுகின்றன என்பதை ஈண்டு நோக்குவாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை கைத்தொலைபேசிக்குட் புகுந்தது. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பிலும் கொட்டாஞ்சேனைச் சிறு வீட்டிலும் இருந்த பிள்ளைகள் ஒரே வாட்சப் குழுவிற் கூடினர். அக்காலத்தில் யானும் ஒரு தவறிழைத்தேன். சோதனையொன்றின் புள்ளிகள் யாவற்றையும் பட்டியலாக்கிக் குழுவில் இட்டேன். கடைசி இடம்பெற்ற மாணவனின் தாயார், “சேர், மகனின் புள்ளியை எனக்குச் சொன்னாற் போதாதா? எல்லாருக்கும் ஏன் காட்டினீர்கள்?” என்று வினவினார். விடைகூற வகையின்றி நின்றேன். அளந்தது பிழையன்று, அவ்வளவை யாருக்குக் காட்டுவது என்பதிலேயே பிழைத்தேன்.

“முன்னரும் முடிவுகளை அறிவித்தற் பலகையில் ஒட்டினோமே, இதிற் புதுமை யாது?” எனச் சிலர் வினவுவர். பலகையிலுள்ள தாளை அவ்வழிச் செல்வோரே காண்பர். மறுவாரம் அது கிழிக்கப்படும். கைத்தொலைபேசியிற் புகுந்த பட்டியலோ கைமாறிச் சென்று, அப்பிள்ளை வளர்ந்த பின்னரும் எங்கோ கிடக்கும். புலமைப்பரிசிற் பரீட்சை முடிவு வந்ததும் சிறாரின் படத்தையும் பெயரையும் புள்ளியையும் முகநூலில் உலவவிடுவதும் இத்தகையதே. புகழ்ச்சியாயினும் பிள்ளையின் உடைமையை நாம் எடுத்து வழங்குகின்றோம் என்பதை மறக்கலாகாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையினவாகக் கொள்கின்றது. ஆயினும் சட்டம் மட்டும் பழக்கத்தை ஆக்காது. பழக்கத்தை ஆக்குவது பயிற்சியே. யான் பங்குபற்றிய பயிற்சி வகுப்புக்களிற் கருவியை இயக்குமாறு கற்பித்தனர். கடவுச்சொல்லைக் காக்குமாறும் எச்சரித்தனர். தம் இரகசியத்தைக் காக்கப் பயின்ற ஆசிரியர், மாணவனின் இரகசியத்தைக் காக்கப் பயின்றாரல்லர். இதுவே பெருங்குறை.

இணையவழி அறத்தைத் தனிவிரிவுரையாகக் கூறி முடித்தல் பயன்தராது. கல்வியியற் கல்லூரி மாணவர் கற்பித்தற் பயிற்சிக்குச் செல்லும்போதே, எதனையும் பகிருமுன் மூன்று வினாக்களை எழுப்பப் பழகல் வேண்டும்: இது தேவைதானா? இதனை வழங்கும் உரிமை எவர்க்குரியது? வழங்கியபின் மீட்க இயலுமா? மூன்றாம் வினாவிற்கு விடை பெரும்பாலும் ‘இல்லை’ என்பதே. ஆதலின் முதலிரண்டையும் ஊன்றி நோக்குதல் கடனாகும்.

நிறைகோல் எடையை உணர்த்துவது ஐயமுற்றவர்க்கே, தெருவெங்கும் பறைசாற்றுவதற்கன்று. பவணந்தியார் அறியாத கருவி நம் கையிலுளது; அவர் கூறிய இலக்கணமோ இன்றும் நமக்குரியதே.