எழுத்துருவும் அதிகாரமும்

"நீங்க அனுப்புன கட்டுரை ஒரே பூச்சி பூச்சியா வருதே, தோழர்!" 90களில் கணிப்பொறிக்கு மாறிய சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பழகிய குரல் இது. கணிப்பொறி சேமிப்பது எழுத்தை அல்ல, எண்ணை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தம்மிஷ்டத்துக்கு எண் கொடுத்தார்கள். ஒருவரின் 'க' இன்னொருவரிடம் வேறெதுவோ. பிரதி நம்முடையது, திறவுகோல் எழுத்துரு விற்றவரிடம். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்க முடியாது. யார் யாரை வாசிக்கலாம் என்பதைச் சந்தை தீர்மானித்தது.

1991இலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றது. தமிழக அரசோ 1999இல் டாம், டாப் என்ற தனிக் குறியீடுகளை அறிவித்தது. யூனிகோடை ஏற்க 2010 ஆயிற்று. அதற்குள் தட்டச்சான விவாதங்கள் பல இன்னும் பழைய கோப்புகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. அந்த எழுத்துருக்கள் கைவசம் இருக்கும்போதே மாற்றி வைக்கணும்; அப்புறம் நம் பிரதியை நாமே வாசிக்க முடியாது.