பத்தொன்பதும் ஒரு பகா எண்ணும்

பத்தொன்பது என்ற எண்ணைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை ஏராளம். 1974இல் ரஷாத் கலீஃபா அறிவித்த கணக்கு, திருக்குர்ஆனின் சொற்களையும் எழுத்துகளையும் 19ஆல் வகுத்துக்கொண்டே சென்றது. இறுதியில் கணக்குக்கு இசையாத அத்தவ்பா அத்தியாயத்தின் 128, 129ஆம் வசனங்களை வேதத்தின் பகுதியே அல்ல என்று தள்ளவும் அவர் துணிந்தார். விடையை முன்பே தீர்மானித்துக்கொண்டு எண்ணத் தொடங்கியதன் விளைவு அது.

அதே 19 மெய்யாகவே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. 2இன் பத்தொன்பதாம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 524287. இது பகா எண். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்று கருதிவிடலாகாது. 11உம் பகா எண்தான். ஆயினும் அம்முறையில் வரும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கக் கிடைப்பது. 524287ஐ 262144ஆல் பெருக்கினால் 137438691328 என்ற ஏழாவது நிறைவெண் கிடைக்கிறது. தன்னை நீக்கிய வகுஎண்களின் கூட்டுத்தொகை தானாகவே அமையும் எண்ணே நிறைவெண். 6 அதற்கு எளிய சான்று.

மார்தீனைச் சேர்ந்த இப்னு ஃபல்லூஸ் (1194–1252) பத்து நிறைவெண்களைப் பட்டியலிட்டார். அவற்றுள் முதல் ஏழும் சரியானவை. எஞ்சிய மூன்றும் பிழையானவை. நம் பெருமைக் கட்டுரைகள் ஏழைச் சொல்லி மூன்றை மறைக்கின்றன. இது அந்த அறிஞருக்குச் செய்யும் மரியாதை அன்று. பட்டியல் வேறு, நிறுவல் வேறு என்பதை அம்மூன்று பிழைகளே நமக்கு உணர்த்துகின்றன. இரட்டைப்படை நிறைவெண்கள் யாவும் இவ்வடிவில்தான் அமையும் என்று நிறுவ இப்னுல் ஹைஸம் அவருக்கு முன்பே முயன்றார். அம்முயற்சி முழுமை பெறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் அதை முடித்தார். முயன்றவரை முடித்தவராக்கிக் காட்டும் நம் வழக்கம், அவர் கேட்ட கேள்வியின் அருமையையே மறைத்துவிடுகிறது.

524287 பகா எண்ணே என்று 1588இல் நிறுவியவர் பொலோனாவின் கட்டால்டி. 724க்கு உட்பட்ட 128 பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பதே அவருடைய வழி. பின்னர் 1640இல் ஃபெர்மா, இதற்கு வகுஎண்ணாகக்கூடிய எந்தப் பகா எண்ணும் 38இன் மடங்கைவிட ஒன்று மிகுந்ததாகவே இருக்கும் என்று கண்டார். 128 ஆறாகச் சுருங்கிற்று. (19 தன் ஆற்றலைக் காட்டும் இடம் இதுவே, 38 அதன் இரட்டிப்பு.) அவ்வெண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே வரவேண்டும் என்ற விதியையும் சேர்த்தால், எஞ்சுபவை மூன்றே: 191, 457, 647. ஒரு தாளில் வகுத்துப் பார்க்கலாம். மீதிகள் முறையே 183, 108, 217.